நாற்பது கஜத்துக்கு நான் சொன்ன நேரம்

டிசம்பர் 9, திங்கள்

ஆலையில் இன்று ஒன்பது மணி நேரம் கெளுத்தி மீன் அறுத்தேன். கத்தியைக் கீழே வைத்த பிறகும் விரல்கள் அதைப் பிடித்த மாதிரியே மடங்கி நிற்கின்றன. கட்டைவிரலில் பாதி மரத்துப்போய்விட்டது. பக்கத்தில் நின்று அறுக்கிற எர்லீன் சுடுதண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்து, உன்னைப் புதைக்கும்போது கத்தியோடு சேர்த்துத்தான் புதைக்கணும் போலிருக்கு என்றாள். அவள் கையும் அதே கதிதான்.

வீட்டுக்கு வந்தால் ஜவோரிஸ் படியில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தான். கல்லூரி விடுமுறை. அக்டோபரில் ஃபுட்பால் ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்ததிலிருந்து என் தம்பி முழு வேகத்தில் ஓடவே இல்லை. இன்று ஓடிப் பார்க்கணுமாம். கடிகாரம் பிடிக்க நான்தான். அவன் ஏழாவது படித்த நாளிலிருந்து நான்தான்.

சர்ச்சுக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற தார்த்தரையில் அவன் போட்ட இரண்டு வெள்ளைக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. நடுவில் நாற்பது கஜம். அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிவான். அந்தக் கை அசைந்ததும் அழுத்துவேன். நெஞ்சு கோட்டைத் தாண்டியதும் மறுபடி அழுத்துவேன்.

4.67.

போன வசந்தத்தில் கல்லூரியில் 4.54 விநாடியில் ஓடியவன். பந்தைப் பிடிக்க ஓடுகிறவனைத் துரத்திப் போய் மறிப்பதுதான் இவன் வேலை. அந்த இடத்துக்கு நாலரையைத் தாண்டினாலே தொழில்முறை அணிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நாலு அறுபத்தேழு என்றால் பேரையே அடித்துவிடுவார்கள்.

திரும்பி நடந்து வந்தான், கை தொடைமேல். அவன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஓடுகிறவன் நேரத்தைக் காதால் கேட்கணும், கண்ணால் பார்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு கோச் சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான். கடிகாரத்துக்குப் பதில் என் முகத்தைப் பார்த்தான். அம்மா எங்களை விட்டுவிட்டு மில்வாக்கிக்குப் போன அந்த வருஷம், அவள் எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டு நிற்பானே, அந்த முகம்.

"நாலு அம்பத்திரண்டு" என்றேன்.

என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஐயோ கெளுத்தி அக்கா, நாத்தம் தாங்கல" என்று உடனே இறக்கியும் விட்டான். இந்த இரண்டு மாதத்தில் இன்றுதான் அவன் இரண்டாம் தட்டுச் சாப்பிட்டான்.

உண்மை ஒரு இடத்திலாவது இருக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். 4.67.


டிசம்பர் 13, வெள்ளி

ஓடியது 4.66. சொன்னது 4.50.


டிசம்பர் 21, சனி

அன்றைக்கு யோசிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு முறை சொன்ன எண்ணிலிருந்து பின்னால் போக முடியாது. தினமும் ஐஸ் வைக்கிறான், சர்ச் படியில் ஏறி இறங்குகிறான், அப்பாவின் லாரி டயரைக் கயிற்றில் கட்டி இழுக்கிறான். இவ்வளவும் செய்துவிட்டு வருகிறவனிடம் போன வாரத்தைவிட மோசம் என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைக்கிறேன். துணிக்கடைக்காரன் விலை குறைக்கிற மாதிரி.

ஓடியது 4.63. சொன்னது 4.46.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போனால் அங்கே அவர்களே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அப்போது தெரிந்துவிடும். குளிர், வேறு தரை, வேறு கடிகாரம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். அவன் சந்தோஷத்துக்கு ஒரு மாதம். அவ்வளவுதான் என் கணக்கு.


ஜனவரி 5, ஞாயிறு

என் கணக்கு தப்பிவிட்டது.

மெம்ஃபிஸிலிருந்து பிரூயிட் என்று, ஆட்டக்காரர்களை அணிகளில் சேர்த்துவிடுகிற ஒரு ஏஜென்ட் போனில் பேசினார். இவனுடைய ஆட்டத்தின் படங்களைப் பார்த்தாராம். இப்போது நாற்பது கஜம் என்ன ஓடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவன் 4.44 என்றிருக்கிறான். நேற்று நான் சொன்ன எண். (ஓடியது 4.64.) அந்த நேரம் நிஜமென்றால் கல்லூரியில் இன்னொரு வருஷம் எதற்கு, இந்த ஏப்ரலிலேயே தொழில்முறை அணிகளின் ஆளெடுப்புக்குப் பேர் கொடு, கடைசிச் சுற்றிலாவது ஏதோ ஒரு அணி எடுத்துக்கொள்ளும் என்றாராம்.

பேர் கொடுத்து ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டால் கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது. ஆட்டம் முடிந்தால் படிப்புக்கான உதவித்தொகையும் முடிந்தது. பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கி.

பிரூயிட் இல்லாவிட்டால் இன்னொருத்தர் என்று வீடு முழுக்க நடந்துகொண்டே பேசினான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.


ஜனவரி 12, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் சண்டை. அப்பா இருபத்தாறு வருஷமாகப் பஞ்சாலைக்கு லாரி ஓட்டுகிறவர். குரலை உயர்த்தவே மாட்டார். இன்று உயர்த்தினார். பட்டத்தை வாங்கிக்கொண்டு பிறகு எங்கே வேண்டுமானாலும் ஓடு என்றார். கால் ஒரு வருஷம் காத்திருக்காது என்றான் இவன். அவனும் தப்பாகச் சொல்லவில்லை. தசை ஒரு முறை கிழிந்ததே.

கறி ஆறிக்கொண்டிருந்தது. அப்பா முள்கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கடிகாரம் புடிக்கிறவ நீ. நீ சொல்லு. அந்த நேரம் நெசந்தானா?"

ஜவோரிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. சோளரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்வேன் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

"நெசந்தாம்பா" என்றேன்.

அப்பா மறுபடி கரண்டியை எடுத்தார்.


ஜனவரி 13, திங்கள்

ஆளெடுப்புக்குப் பேர் கொடுத்துக் கடிதம் அனுப்பிவிட்டான். மனசு மாறினால் பதினெட்டாம் தேதிக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். அதனால் பிரூயிட்டும் பத்தொன்பதாம் தேதிதான் கையெழுத்துக்கு வருகிறார்.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. சொல்லிவிடு, ஷமேக்கா.


ஜனவரி 15, புதன்

இன்று சொல்லவில்லை.


ஜனவரி 16, வியாழன்

எனக்கும் ஆசை இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதெல்லாம் தம்பிமேல் வைத்த பாசம் மட்டுமே என்று நானே என்னை நம்பிவிடுவேன். மீன் நாற்றம் ஏறாத ஒரு வீடு. காலை நாலரைக்கு அலாரம் அடிக்காத ஒரு கட்டில். இந்தக் கையைப் பார்க்க நகரத்தில் ஒரு டாக்டர். அவன் எடுக்கப்பட்டால் முதல் வேலையாக உன்னை ஆலையிலிருந்து இழுத்துக்கொண்டு வருவேன் என்று பத்தாவது படிக்கும்போதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். 4.44 என்று சொல்லிச் சொல்லி, அது வந்துவிடும் என்று நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேனோ? மார்ச்சில் அணிக்காரர்கள் வந்து பார்ப்பதற்குள் நிஜமாகவே ஓடிவிட்டால்? எத்தனையோ பேர் தேறியிருக்கிறார்களே.


ஜனவரி 18, சனி

மாலையோடு கெடு முடிந்தது. நான் பயறு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து மூடியைத் திறந்து பார்த்து, உப்பு போட்டாயா என்று கேட்டான். போட்டேன் என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.


பிப்ரவரி 17, திங்கள்

பிரூயிட்டிடம் கையெழுத்துப் போட்டதிலிருந்து இவன் கல்லூரிக்குப் போகவில்லை, வீட்டிலிருந்தே பழகுகிறான். எல்லா அணிகளும் கூடி நடத்துகிற இண்டியானாபொலிஸ் சோதனைக்குக் கூப்பிட்டவர்களின் பட்டியலில் இவன் பேர் இல்லை. சின்னக் கல்லூரிப் பையன்களைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். மார்ச் இருபதில் அவன் கல்லூரி மைதானத்துக்கே அணிக்காரர்கள் வருவார்கள். அங்கே காட்டினால் போதுமாம்.

ஓடியது 4.62. சொன்னது 4.41.

4.62-க்குக் கீழே அவன் ஒரு நாளும் போகவில்லை. மழை, வெயில், புது ஷூ, எதற்கும் அசையவில்லை. அவனிடம் இருப்பது அவ்வளவுதான் போலிருக்கிறது.


மார்ச் 20, வியாழன்

ஆலையில் லீவு போட்டுவிட்டு அப்பாவும் நானும் போனோம். குடும்பத்துக்காரர்கள் எல்லாரும் தகரப் படிக்கட்டில். கீழே கோட்டுக்கு நேராகப் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள், ஆளுக்கொரு கடிகாரம், ஆளுக்கொரு அட்டை. ஓடுகிறவனிடம் அவர்கள் எதுவும் சொல்வதில்லை. அவர்களுக்குள்ளேயும் வாய் திறப்பதில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. இவனுக்கு முன்னால் ஒரு ஒல்லிப் பையன் ஓடினான். முடித்ததும் இரண்டு மூன்று பேர் சட்டென்று பக்கத்து ஆள் பக்கம் சாய்ந்து கடிகாரத்தைக் காட்டினார்கள், உனக்கும் இதுதான் வந்ததா என்கிற மாதிரி. நல்ல நேரம் வந்தால் தன் கண்ணையே நம்ப முடியாமல் காட்டுகிறார்கள்.

பிறகு ஜவோரிஸ். குனிவதற்கு முன்னால் படிக்கட்டில் என்னைத் தேடிப் பிடித்து விரலால் ஒரு முறை சுட்டினான்.

ஓடினான். அழகாகத்தான் ஓடினான், அதைச் சொல்லியாக வேண்டும்.

பதினோரு பேரும் குனிந்து அவரவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எழுதினார்கள். ஒருவர்கூடப் பக்கத்தில் திரும்பவில்லை. ஒருவர் சூயிங்கம் உறையைப் பிரித்தார். பையிலிருந்து எடுத்து நான் பிடித்த கடிகாரத்திலும் 4.63.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டாவதற்குப் போகும்போது பாதிப் பேர் அடுத்த பையனின் தாளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் 4.63.

அப்பா என் முழங்கையைப் பிடித்து, எப்படி, நல்லாயிருந்ததா என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரையால் கண் மங்கல், பழகின ரோடு என்பதால் லாரியை எப்படியோ ஓட்டிவிடுகிறார். தூரத்தில் ஓடுவது மகன் என்று மட்டும் தெரியும். நல்லா ஓடினான்ப்பா என்றேன். இது ஒன்றுதான் நான் பொய் சொல்லாமல் சொன்னது.

கல்லூரி ஆள் ஒருவர் இவனிடம் எண்ணைச் சொன்னாராம். திரும்பி வருகிற வழியில் இரண்டு மணி நேரம் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தான். அழவில்லை. அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிஜமாகவா?


மார்ச் 22, சனி

காலையில் அப்பாவின் நாடாவை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் போனான். நானும் போனேன். மூன்று முறை அளந்தான். நாற்பது கஜம், ஒரு விரற்கடை கூடக் கூடவில்லை, குறையவில்லை. தரை சரிவோ என்று குப்பியில் பாதித் தண்ணீர் விட்டுப் படுக்கவைத்துப் பார்த்தான். சரிவும் இல்லை.

பிறகு கடிகாரத்தை என் கையில் கொடுத்து, அழுத்தின உடனே மறுபடி அழுத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்றான். நான் அழுத்தினேன். 0.33. அவன் அழுத்தினான். 0.13.

என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூட்டில் வீங்கியிருப்பதை அழுத்திப் பார்த்தான்.

"இதாங்க்கா. நா கெளம்புனப்புறந்தான் உன் வெரலே கெளம்புது. அந்தப் பாழாப்போன ஆலை உன் கையத் தின்னுடுச்சு. உன்மேல என்ன தப்பு இருக்கு?"

தொடங்கும்போது தாமதிக்கிற விரல் முடிக்கும்போதும் அதே அளவு தாமதிக்கும், இரண்டும் சரிக்குச் சரி கழிந்துபோகும். அது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு உடனே தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

முன்பு சொன்னதெல்லாம் அவனுக்காக என்று வைத்துக்கொண்டாலும், இன்று வாயை மூடியிருந்தது எனக்காக மட்டும்.


ஏப்ரல் 26, சனி

ஆளெடுப்பின் மூன்றாம் நாள், கடைசி நாள். அப்பா வேண்டாமென்றும் கேளாமல் சர்ச்சிலிருந்து பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், யாரோ சோளமாவுக்குள் கறி வைத்து அவித்த தமாலே ஒரு அடுக்கு. டிவியில் ஒவ்வொரு பேராக வாசித்தார்கள். மேசை நடுவில் இவன் போன். வாசித்து முடிகிற வரை அது அடித்தது ஒரே ஒரு முறை. எல்லாரும் டிவியை விட்டுத் திரும்பினார்கள். மளிகைக்கடையில் ஐஸ் தீர்ந்துவிட்டது, வேறு ஏதாவது வேணுமா என்று எர்லீன்.

கடைசிப் பேரும் வாசித்தார்கள். எடுக்காமல் விட்ட பையன்களையும் சில அணிகள் உடனே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். அதற்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பிரூயிட்டே பேசினார். எல்லாரிடமும் கேட்டுவிட்டேன், நேரத்தைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறார்கள் என்றாராம்.

சனங்கள் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகிறவர்களிடம் இவன்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவோட கை அப்படி ஆயிடுச்சு, இல்லாட்டி எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும் என்று பாஸ்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாஸ்டர் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, உனக்காக ஜெபிக்கிறேன் என்றார். பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது.


மே 1, வியாழன்

திரும்பி வந்து ஆடலாமா என்று இவன் கேட்டதற்குக் கல்லூரியிலிருந்து பதில். ஆட முடியாது. சொந்தச் செலவில் வேண்டுமானால் வந்து படிக்கலாம்.


மே 6, செவ்வாய்

ஆலையிலிருந்து வந்ததும் மேசைமேல் ஒரு பெரிய பை. கிரீன்வில்லிலிருந்து ஆற்றில் சரக்குப் படகு தள்ளுகிற கப்பலில் வேலை கிடைத்துவிட்டதாம். இருபத்தெட்டு நாள் தண்ணீரில், பதினாலு நாள் வீட்டில். கயிறு கட்டுகிற வேலை. போன மாதம்கூட அந்தக் கயிற்றில் சிக்கி ஒருத்தனுக்கு விரல் போனது என்று ஊரில் பேச்சு.

கல்லூரிக்குப் பணம் சேர்க்கவா என்று கேட்டேன்.

"அது அப்பறம். மொதல்ல உன் கைக்கு ஆபரேஷன். டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இனி முடியாது. இந்தக் கைக்காக அவன் அந்தக் கயிற்றைப் பிடிக்கப் போகிறானா? இந்தக் கைக்கா?

சொன்னேன். வார்த்தை வரிசையாக வரவில்லை. அதனால் இந்த நோட்டை எடுத்து வந்து அவன் முன்னால் திறந்து வைத்தேன். டிசம்பர் ஒன்பதிலிருந்து படித்தான். நின்றுகொண்டே படித்தான். ஜனவரிப் பக்கங்களில் மட்டும் விரலை வைத்து மெதுவாகப் படித்தான். பதினெட்டாம் தேதியில் நிறுத்தினான்.

"உப்பு போட்டியான்னு கேட்டேன்" என்றான்.

நான் அழுதேன். அவன் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவன் கொடுக்க வேண்டியதும் இல்லை.

பிறகு நோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அந்த வெரலு... ரெண்டு பக்கமும் லேட்டாத்தான் ஆவும்னு எனக்கும் தோணிச்சுக்கா. தண்ணி பாட்டில கையில வச்சிட்டு நிக்கிறப்பவே நீ பொய் சொல்லிட்டியோன்னு தோணிச்சு. அப்படித் தோணக் கூடாதுன்னு வெரல் மேல பழியப் போட்டுட்டேன்."

நோட்டை மூடி மேசையில் வைத்தான். அப்பா வந்ததும் எல்லாவற்றையும் நானே மறுபடி சொன்னேன். அப்பா தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார். நெசந்தானா என்று அன்றைக்குக் கேட்டவர், இன்று ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.


மே 9, வெள்ளி

போய்விட்டான். அப்பாதான் கொண்டுபோய் விட்டார். என்னிடம் போய்ட்டு வரேன் என்றான். வழக்கம்போல் கெளுத்தி என்று சொல்லவில்லை.


மே 25, ஞாயிறு

போன் அப்பாவுக்குத்தான் வருகிறது. நன்றாக இருக்கிறானாம். விரல் பத்தும் இருக்கிறதாம்.


ஜூன் 7, சனி

நேற்று வந்தான். தோள் அகலமாகியிருக்கிறது, உள்ளங்கை கயிறு உரசிக் காய்த்துப்போயிருக்கிறது. டாக்டர் சீட்டு ஒன்றை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஜூலை பதினாலு, ஜாக்ஸன், காலை எட்டு மணி. வேண்டாம் என்றேன். கை கையாட்டந்தான் இருக்கணும் என்றான், என்னைப் பார்க்காமல். கேட்டதெல்லாம் எடுத்துக் கொடுத்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அதற்கு மேல் இல்லை.

இன்று சாயங்காலம் ஷூ கட்டினான். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து கடிகாரத்தை எடுத்தான். என்னைத் தாண்டிப் போய் அப்பாவிடம் கொடுத்தான்.

இருவரும் சர்ச்சுக்குப் பின்னால் நடந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளியே போனேன். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா கோட்டில் நின்றார். தூரத்தில் குனிந்திருக்கிற அவன் கை அவருக்குத் தெரியாது என்பதால், கிளம்பும்போது அவனே குரல் கொடுப்பதாக ஏற்பாடு.

ஓடினான். எதற்காக ஓடினான் என்று எனக்குத் தெரியாது. எந்த அணிக்காரனும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

அப்பா கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார், தள்ளி வைத்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு பழக்க தோஷத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"ஷமேக்கா, இங்க வா. எனக்கு இது தெரியல. நீ படி."

கூப்பிட்ட பிறகுதான் அவருக்கும் உறைத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. ஜவோரிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தான். நான் வாங்கினேன். எண்ணைப் பார்த்தேன்.

"நாலு எழுபத்தெட்டு" என்றேன்.

அவன் தலையசைத்தான். பிறகு பக்கத்தில் வந்து, என் கையைக் கடிகாரத்தோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பி, தானே ஒரு முறை பார்த்தான். இத்தனை வருஷத்தில் தான் ஓடிய நேரத்தை அவன் கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை.

4.78 என்றுதான் இருந்தது.